பாட்டில் வாழும் பங்கு வரலாறு



நம் பங்கின் யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரவேண்டும் என மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். கோயில் எழும்பிய விவரம், பணியாற்றிய குருக்களின் வரிசை, திருப்பணிச் செலவுக் கணக்கு ஆகியவற்றை இம்மலரில் பிறர் எழுதுகின்றனர். எனவே நாம் வேறொரு வரலாற்றை எழுத விழைந்தோம். எந்தப் பதிவேட்டிலும் இடம் பெறாமல், நம் மக்களின் நாவிலும் செவியிலும் மட்டுமே தங்கியிருக்கும் வரலாறு அது.

இதற்காகத் தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வோர் அன்பியத்துக்கும் தாள்கள் அனுப்பி, இரண்டே கேள்விகள் கேட்டிருந்தோம். உங்கள் உள்ளத்துக்கு மிகவும் பிடித்த கோயில் பாட்டு எது? அதைப் பாடும்போது யாருடைய நினைவு வருகிறது? முதல் கேள்விக்கு எல்லாரும் ஒரு வரியில் விடை எழுதியிருந்தனர். இரண்டாம் கேள்விக்கோ பலருக்கு இடம் போதவில்லை. தாளின் பின்பக்கத்திலும் எழுதியிருந்தனர். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் பேரப்பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்தனர். அத்தாள்களை வாசித்து முடித்தபோது நமக்கு ஓர் உண்மை விளங்கிற்று. ஞானஸ்நானப் பதிவேட்டிலும் திருமணப் பதிவேட்டிலும் அடக்கப் பதிவேட்டிலும் நம் மக்களின் தேதிகள் இருக்கின்றன. அத்தேதிகளுக்கு இடையில் அவர்கள் வாழ்ந்த வாழ்வு பாட்டுகளில் இருக்கிறது.

கல்லில் எழுதிய இசை

இசையை நினைவில் நிறுத்தி வைக்க வேண்டும் என்னும் ஆவல் நம் மண்ணுக்குப் புதிதன்று. புதுக்கோட்டைக்கு மேற்கே குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டு எழுத்தில் அமைந்த இசைக் கல்வெட்டு இருப்பதை உலகமே அறியும். உருத்திராச்சாரியார் என்னும் ஆசிரியரின் மாணவராகிய ஓர் அரசர், நரம்புக் கருவியில் வாசிக்க வேண்டிய சுரங்களைப் பாறையில் வரிசை வரிசையாகப் பொறித்து வைத்தார். ஒலியைக் கல்லில் காக்க முடியும் என்று நம்பிய முன்னோர் அவர்கள்.

நம் திருமயத்திலும் அத்தகைய கல்வெட்டு ஒன்று இருந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். மலையடிவாரத்துச் சிவன் குடைவரையில், பரிவாதினி என்னும் நரம்புக் கருவியின் பெயர் தாங்கிய இசைக் கல்வெட்டு பொறிக்கப்பட்டிருந்தது. இன்று அதில் எஞ்சியிருப்பவை சில சொற்களே. பிற்காலத்தவர் வேறொரு செய்தியைப் பொறிக்க இடம் வேண்டி அதன் பெரும்பகுதியை அழித்துவிட்டனர். கல்லில் எழுதியதற்கே இந்தக் கதி எனில், காற்றில் பாடியது என்னவாகும்? இக்கேள்வியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே வரவேண்டுகிறோம்.

நடந்து வந்த விசுவாசம்

நம் ஊரின் மலைக்கோட்டை 1687-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் சேதுபதி மன்னரால் கட்டப்பட்டது என வரலாறு கூறும். அந்நாளில் சேது நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் காலத்திலேதான் புனித அருளானந்தர் இப்பகுதியில் வேதம் போதித்தார். லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்த அவர், காவி உடுத்துத் தமிழ்த் துறவியாய் வாழ்ந்து, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். கோட்டையும் வேதசாட்சியும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவர்கள். கோட்டை கல்லால் நிற்கிறது. அருளானந்தரின் நினைவோ, 1947-இல் அவர் புனிதராக உயர்த்தப்படும் முன்பே, எளியவர்களின் பாட்டாலும் திருயாத்திரையாலும் இரண்டரை நூற்றாண்டுக் காலம் நின்றது.

அக்காலத்தில் ஒரு குருவானவர் ஒரு கிராமத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவதே அரிது. இடைப்பட்ட மாதங்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்களும், அவர்கள் வாய்மொழியாகக் கற்பித்த செபங்களும் பாட்டுகளுமே. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், கையில் மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி, தமிழ்ச் செபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்தார். 1578-இல் தம்பிரான் வணக்கம் என்னும் செப நூல் தமிழில் அச்சேறியது உண்மையே. எனினும் அச்சுப் புத்தகம் வாங்கவும் வாசிக்கவும் வல்லவர் அன்று எத்தனை பேர்? ஏழைக்குப் புத்தகம் அவன் நாவே.

இதை நன்கு உணர்ந்தவர் வீரமாமுனிவர். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியைப் புலவர்களுக்காகப் பாடிய அதே முனிவர், கித்தேரியம்மாள் அம்மானையைப் பொதுமக்களுக்காகப் பாடினார். அம்மானை என்பது பெண்கள் காய்களை வீசிப் பிடித்து விளையாடும்போது பாடும் பாட்டு வகை. ஒரு வேதசாட்சியின் வரலாற்றை அந்த வடிவத்தில் அமைத்தால், ஏடு அறியாத பெண்ணும் அதைத் தன் மகளுக்குச் சொல்லிக் கொடுப்பாள் என்பது அவர் கண்ட வழி. நம் மறைமாவட்டக் குருக்களுக்கெல்லாம் ஞான முன்னோடிகளான அப்பெரியோர் நடந்த ஆவூர், திருக்காவலூர் முதலிய தலங்கள் நமக்குத் தூரமல்ல.

பஞ்ச காலத்துப் பாட்டு

திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826-இல் பிறந்த மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, நம் கத்தோலிக்க மரபு ஈன்ற பெருமகன். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியபோது, தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்க்கு உணவளித்த கொடையாளர் அவர் என்பதைப் பலர் அறியார். அந்தப் பஞ்சத்தின் துயரத்தை இறைவனிடம் முறையிட்டுக் கீர்த்தனைகளும் பாடினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய கொடையை வியந்து ஒரு கீர்த்தனை இயற்றினார். கிறிஸ்தவர் ஒருவரின் சர்வசமய சமரசக் கீர்த்தனைகள் இன்றும் சங்கீத மேடைகளில் எல்லாச் சமயத்தாராலும் பாடப்பட்டு வருகின்றன.

பஞ்சத்தில் இறந்தவர்களின் தொகையைச் சர்க்கார் ஆவணங்கள் சொல்லும். பசி கண்ட மனிதன் கடவுளை நோக்கி என்ன கேட்டான் என்பதைப் பாட்டே சொல்லும்.

நம் ஊரில் 1887-ஆம் ஆண்டு பிறந்த தீரர் சத்தியமூர்த்தியையும் இவ்விடத்தில் நினைத்தல் தகும். 1928-இல் சென்னை மாகாண அரசு பாரதியார் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தபோது, சட்டசபையில் எழுந்து நின்று அதை வன்மையாகக் கண்டித்தவர் அவர். புத்தகத்தைப் பறிமுதல் செய்யலாம். ஊர் முழுவதும் பாடும் பாட்டைப் பறிமுதல் செய்ய இயலாது. திருமயத்துக்காரர் ஒருவர் பாட்டுக்காகப் போராடினார் என்பது நமக்குப் பெருமையன்றோ!

இலத்தீனிலிருந்து தமிழுக்கு

இனி நம் பெரியவர்களின் நினைவுக்கு எட்டிய காலத்துக்கு வருவோம். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு இலத்தீன் பூசை நினைவிருக்கும். குருவானவர் பீடத்தை நோக்கி நின்று இலத்தீனில் பூசை நிறைவேற்ற, மக்கள் செபமாலை சொல்லிக்கொண்டோ, உபதேசியார் எடுத்துக்கொடுத்த தமிழ்ப் பாட்டைப் பாடிக்கொண்டோ பங்கு கொண்டனர். ஆசீர்வாதத்தின்போது புனித தோமாஸ் அக்குயினாஸ் இயற்றிய தாந்தும் எர்கோ என்னும் கீதத்தைப் பொருள் அறியாமலே உருக்கமாய்ப் பாடினர்.

1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. 2,147 பேர் ஏற்க, நால்வரே மறுத்தனர். மக்கள் தம் தாய்மொழியில் வழிபாட்டில் முழுமையாகப் பங்கேற்கவும், அந்தந்த நாட்டு மக்களின் இசை மரபு தக்க மதிப்புப் பெறவும், தகுந்த பிற இசைக் கருவிகள் வழிபாட்டில் இடம்பெறவும் அது வழி திறந்தது. அதே சங்கம், பழைய திருஇசைக் கருவூலத்தைக் கவனத்துடன் காக்க வேண்டும் என்றும் பணித்தது. இவ்விரண்டில் முதலாவதை நாம் விரைந்து நிறைவேற்றினோம். இரண்டாவது அவ்வளவாக நடைபெறவில்லை.

சங்கம் முடிந்த பின் பிறந்த தலைமுறை நம்முடையது. இலத்தீன் நமக்குக் குருமடத்துப் பாடப் புத்தகத்தில் கிடைத்த மொழி. ஆகவே, நம் பங்கில் எண்பத்தாறு வயது மூதாட்டி ஒருவர் தமக்குப் பிடித்த பாட்டு தாந்தும் எர்கோ என்று எழுதுவித்ததைக் கண்டு வியந்து, நேரில் சென்று கேட்டோம். அவருடைய தந்தையார் கிணற்றில் ஏற்றம் இறைக்கும்போது, சால் எண்ணிக்கைக்கு நடுவே அந்த இலத்தீன் கீதத்தைப் பாடுவாராம். "அர்த்தம் எனக்குத் தெரியாது சாமி. எங்க அப்பாவைத் தெரியும்" என்றார் அம்மூதாட்டி. பல ஆண்டு குருமடத்தில் இலத்தீன் பயின்றும் நாம் அறியாத பொருளை அவர் அறிந்திருந்தார்.

பெரியோர் வாழ்விலும் இப்படியே

பிடித்த பாட்டும் பிரியமானவர் நினைவும் பிணைந்திருப்பது எளிய மக்களுக்கு மட்டும் உரியதன்று. புனித அகுஸ்தினார் 387-ஆம் ஆண்டு மிலான் நகரில் புனித அம்புரோசியாரிடம் ஞானஸ்நானம் பெற்ற நாட்களில், அங்கே பாடப்பட்ட கீதங்களைக் கேட்டுக் கண்ணீர் விட்டதைத் தம் நூலில் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு அவருடைய அன்னை மோனிக்கம்மாள் ஒஸ்தியா துறைமுகத்தில் இறந்தார். அடக்கத்தின்போது அழாமல் அடக்கிக்கொண்ட மகன், இரவு உறங்கி எழுந்ததும் அம்புரோசியாரின் மாலைக் கீதம் ஒன்றைத் தனிமையில் நினைவு கூர்ந்தார். அதன் பின்னரே தாய்க்காகக் கண்ணீர் பெருகியது. திருச்சபையின் பெரும் மறைவல்லுநருக்கே அழுவதற்கு ஒரு பாட்டு தேவைப்பட்டது.

புனித நியூமன் 1833-இல், ஆங்கிலிக்கன் சபைக் குருவாக இருந்தபோது, சிசிலித் தீவில் கடும் காய்ச்சலில் சாகும் தறுவாய் வரை சென்று மீண்டார். ஆரஞ்சுப் பழம் ஏற்றிய கப்பலில் ஊர் திரும்புகையில், காற்றின்றிக் கப்பல் நடுக்கடலில் நின்றுவிட, இருளில் வழிகாட்டும் ஒளியை வேண்டி ஒரு கவிதை எழுதினார். அந்தப் பாட்டு காந்தியடிகளுக்கு மிகவும் பிடித்தமானதாகி, குஜராத்தி மொழியிலும் ஆக்கப்பட்டு அவருடைய பிரார்த்தனைக் கூட்டங்களில் ஒலித்தது.

காந்தியடிகளைப் பற்றிய மற்றொரு நிகழ்ச்சி. மீராபாயின் பஜனை ஒன்றை எம். எஸ். சுப்புலட்சுமி பாடிக் கேட்க அடிகள் விரும்பினார். 1947 அக்டோபர் 2-ஆம் நாள் வந்த அவரது பிறந்த நாளுக்காக அது சென்னையில் அவசரமாக ஒலிப்பதிவு செய்து டில்லிக்கு அனுப்பப்பட்டது. நான்கு திங்கள் கழியுமுன், 1948 ஜனவரி 30 அன்று, அடிகள் சுடப்பட்டு இறந்த செய்தியை அறிவித்த வானொலி, தொடர்ந்து அதே பாட்டை ஒலிபரப்பியது. தம் குரலைத் தாமே கேட்ட அந்த அம்மையார் மயங்கி விழுந்தார். ஒருவருக்கு மகிழ்ச்சியாகக் கொடுத்த பாட்டே அவருடைய இரங்கற் பாட்டாகியது.

வானொலியும் ஒலிநாடாவும்

1939-இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய பின் பாட்டு வீட்டுக்குள் வந்தது. நேயர் விருப்பம் என்னும் நிகழ்ச்சியில் தம் பெயரோ ஊர்ப் பெயரோ ஒலிக்காதா என்று காத்துக்கிடந்த தலைமுறையினர் நம் பங்கில் பலர். 1980-களில் ஒலிநாடாக்கள் பரவின. நாம் சிறுகுருமடத்தில் சேர்ந்தது அக்காலத்திலேதான். முதல் இரவு, இரவுச் செபத்தின் முடிவில் மாணவர் அனைவரும் பாடிய மாதா பாட்டு, நம் அன்னையார் நடவு வயலில் முணுமுணுக்கும் பாட்டாகவே இருந்தது. வீட்டை எண்ணி ஏங்கிய பையனுக்கு அன்று கிடைத்த ஆறுதல் அதுவே. இன்று அன்னையார் இல்லை. பாட்டு இருக்கிறது.

ஒலிநாடாக் காலத்தை ஒட்டி ஓர் அன்பர் எழுதியதை இங்கே குறிப்பிட வேண்டும். குவைத்தில் ஓட்டுநர் வேலைக்குப் போன அவர், ஊர்த் திருவிழாவில் பதிவு செய்த ஒலிநாடா ஒன்றைக் கொண்டு சென்றிருந்தார். 1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. இலட்சத்துக்கும் மேற்பட்ட நம் நாட்டவர் ஜோர்டான் வழியாக விமானத்தில் தாயகம் அழைத்து வரப்பட்டனரே, அவர்களுள் அவரும் ஒருவர். பாலைவன முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது, தேர்ப்பவனிப் பாட்டை மெல்லப் பாடினாராம். பின்னால் நின்ற முன்பின் அறியாத ஒருவர் அடுத்த அடியை எடுத்துப் பாடினார். அவர் தூத்துக்குடிக்காரர். "அந்த ஒரு அடியிலே நான் ஊருக்கு வந்து சேர்ந்துட்டேன் சாமி" என்று எழுதியிருக்கிறார். பாபிலோன் ஆற்றங்கரையில் யாழைத் தொங்கவிட்டு அழுத இஸ்ராயேல் மக்களைச் சங்கீத ஆசிரியர் பாடுகிறார். அந்நிய மண்ணில் ஆண்டவர் பாட்டை எப்படிப் பாடுவது என்று அவர்கள் கேட்டதற்கு நம் பங்கைச் சார்ந்தவரே விடை கூறிவிட்டார்.

இனிக்கும் நினைவும் கசக்கும் நினைவும்

எல்லாத் தாள்களிலும் இனிய நினைவு இருந்தது எனச் சொல்வதற்கில்லை. ஒரு தாய், திவ்ய நற்கருணை வாங்கும்போது நாம் அடிக்கடி பாடும் பாட்டு ஒன்றைக் குறிப்பிட்டிருந்தார். அவருடைய நான்கு வயது மகளை அடக்கம் செய்த நாளில் பாடப்பட்ட பாட்டு அது. பல ஆண்டுகள் அப்பாட்டுத் தொடங்கியதும் கோயிலை விட்டு வெளியேறி, கெபி அருகில் நின்றுவிட்டு, முடிந்த பின் உள்ளே வருவாராம். அதைப் பாடற்குழு பாடாமல் விடட்டுமா என்று நாம் வினவினோம். வேண்டாம் என்றார். "எம்புள்ள பேரைச் சொல்ல ஊருல வேற யாரும் இல்ல சாமி. அந்தப் பாட்டுதான் சொல்லுது." இப்போதெல்லாம் அவர் வெளியே போவதில்லை.

மற்றொரு பெரியவர் தமக்குப் பிடித்த பாட்டு எதுவும் இல்லை என்றும், தப்பு ஓசையே பிடித்தது என்றும் பேரனைக் கொண்டு எழுதுவித்தார். அவருடைய தந்தை திருவிழாச் சப்பரத்தின் முன்னால் தப்படித்துச் செல்வார். சப்பரம் கோயிலுக்குள் போகும். தப்பு வாசலோடு நின்றுவிடும். தப்படித்தவரும் நின்றுவிடுவார். ஆண்டுகள் பல கழிந்து, காணிக்கைப் பவனியில் தப்பு முழங்கப் பீடம் வரை சென்ற நாளில், அதை அடித்தவர் மகன். அன்று தம் தந்தையே தமக்கு முன்னால் நடந்ததாக உணர்ந்தார். இந்தச் செய்தியை மலரில் போடுவது முறையா என்று அன்பர் சிலர் தயங்கினர். போடுவதே முறை என்பது நம் துணிபு. வாசலில் நிறுத்தியதும் நம் வரலாறு. உள்ளே அழைத்ததும் நம் வரலாறு. முன்னதை மறைத்துப் பின்னதை மட்டும் கொண்டாடினால் அது யூபிலி ஆகாது. அடிமைகளுக்கு விடுதலையும், நிலம் இழந்தவர்க்கு நிலமும் திரும்பத் தரும் ஆண்டே பழைய ஏற்பாட்டின் யூபிலி ஆண்டு.

இன்னொரு வீட்டில் முதியவர் ஒருவர் மறதி நோயால் மகனையே அடையாளம் காண்பதில்லை. நோயில் பூசுதல் கொடுக்கச் சென்றபோது, அவருடைய துணைவியார் பழைய மாதா பாட்டு ஒன்றை மெல்லத் தொடங்கினார். முதியவர் மூன்று சரணங்களையும் ஒரு சொல் பிசகாமல் உடன் பாடினார். மறதி நோயாளரிடம் பிற நினைவுகள் போன பின்னும் பாட்டின் நினைவு நெடுநாள் நிற்பதுண்டு என மருத்துவர்களும் கண்டிருக்கின்றனர். பாடி முடித்ததும் அவர் மனைவியைப் பார்த்து, "கோயிலுக்கு நேரமாச்சா?" என்றார். அந்த அம்மையார்க்கு அந்த ஒரு கேள்வியே பல மாதங்களுக்குப் போதுமானதாயிற்று.

மெட்டு மறைந்தால்

இங்கே நம் கவலையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மக்கள் எழுதிய பாட்டுகளில் பலவற்றைப் பாடற்குழு இளைஞர்களிடம் காட்டினோம். கணிசமானவற்றை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. சில பாட்டுகளின் சொற்கள் பழைய பாட்டுப் புத்தகங்களில் அகப்பட்டன. ஆனால் அப்புத்தகங்களின் அமைப்பை நினைவுகூருங்கள். பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். அல்லது இன்ன பாட்டின் மெட்டு என்று இருக்கும். சுரம் எழுதப்பட்டிராது. அந்த மூலப் பாட்டை அறிந்தவர் இருக்கும் வரை புதுப் பாட்டு உயிரோடிருக்கும். அவர் போய்விட்டால் சொற்கள் தாளில் கிடக்கும், பாட்டு போய்விடும். திருமயத்துக் கல்வெட்டில் சில சொற்கள் மட்டும் எஞ்சியிருப்பது போலவே.

பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாதாவின் வியாகுலத்தைத் தம் சொந்தத் துக்கமாக்கி, நம் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்த அதனை முழுமையாக அறிந்தவர் இன்று நம் பங்கில் மூவர். மூவரும் எழுபது வயதைக் கடந்தவர்கள். இளையோர்க்கு அது பழங்காலத்து அழுகையாகத் தோன்றுகிறது. தம் வீட்டில் சாவு நேரும்போது எப்படி அழுவது என்று அறியாமல் கைபேசியில் பாட்டு வைக்கும் காலம் வந்துவிட்டது.

புதிய பாட்டுகள் மீது நமக்குப் பகை இல்லை. இன்று பெரியவர்கள் புனிதமாய்ப் போற்றும் பாட்டுகளில் சில, அந்நாளைய நாடக மெட்டிலும் சினிமா மெட்டிலும் அமைந்தவை. அவற்றைக் கேட்டு முகஞ்சுளித்தவர்களும் அன்று உண்டு. இன்று நம் மறைக்கல்விப் பிள்ளைகள் கைதட்டிப் பாடும் பாட்டு, ஐம்பது ஆண்டுக்குப் பின் யாரோ ஒரு மூதாட்டியின் கண்ணீராகும். அதற்கு அந்தப் பாட்டு அவர்களிடம் சில ஆண்டுகளாவது தங்க வேண்டும். மாதந்தோறும் பாட்டை மாற்றிக்கொண்டே போனால், எந்தப் பாட்டிலும் நினைவு வேர் பிடிக்காது. மேலும், பாடற்குழு ஒலிபெருக்கியில் பாட, மக்கள் வாய்மூடிக் கேட்பார்களாயின், சங்கம் கேட்ட பங்கேற்பும் இல்லை. நாளைக்கு நினைவும் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் மூன்று காரியங்களை நம் பங்குப் பேரவை ஏற்றுக்கொண்டுள்ளது.

முதலாவது, ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தம் வீட்டுப் பெரியவர்க்குப் பிடித்த பாட்டையும், அதைக் கற்பித்தவர் யார், எங்கே, எந்த வேளையில் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். சொற்கள் முழுவதும் நினைவில் இல்லாவிடினும் நினைவில் உள்ளதை எழுதுக.

இரண்டாவது, கைபேசி வைத்திருக்கும் இளைஞர்கள் தம் தாத்தா பாட்டியின் குரலில் அப்பாட்டைப் பதிவு செய்ய வேண்டும். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. சுருதி விலகினாலும் பரவாயில்லை. கருவி இசை சேர்க்க வேண்டாம். பதிவின் தொடக்கத்தில் பாடுபவர் தம் பெயரையும் ஊரையும் தம் வாயாலேயே சொல்லட்டும். பதிவுகளின் பிரதி பங்கு அலுவலகத்தில் பாதுகாக்கப்படும்.

மூன்றாவது, மாதத்தின் கடைசி ஞாயிறு திருப்பலிக்கு முன் கால் மணி நேரம் ஒரு பெரியவர் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டைக் கற்பிப்பார். அன்றைய திருப்பலியில் பொருத்தமான இடத்தில் அதனைச் சபை முழுவதும் பாடும். ஒப்பாரி அறிந்த மூன்று தாய்மாரும், வரும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதைக்குப் பின் கற்பிக்க இசைந்துள்ளனர். கற்க விரும்பும் பெண்கள் பெயர் கொடுக்க வேண்டுகிறோம். இதுவரை இரண்டு பேர் கொடுத்திருக்கின்றனர். இருவரும் கல்லூரி மாணவியர் என்பது நமக்கு மகிழ்ச்சி.

அன்பு மக்களே, கோயிலைப் புதுப்பிக்க நீங்கள் வாரி வழங்கினீர்கள். இந்தத் திருப்பணிக்குக் காசு வேண்டியதில்லை. இன்றிரவு உணவுக்குப் பின், வீட்டிலுள்ள முதியவர் அருகில் சற்று அமர்ந்து, உங்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேளுங்கள். அவர் பாடட்டும். நீங்கள் கூடவே பாடுங்கள்.

ஆண்டவர் தம் ஆசீரை உங்கள் இல்லங்கள் மீதும், உங்கள் நாவின் மீதும் பொழிவாராக.

கிறிஸ்துவில் உங்கள்
பங்குத் தந்தை,
திருமயம்